தேர்தல் தேதியைக் குறிப்பது யார்?

பாசிர் ரிஸ்ஸில் ஒரே புளோக்கில் வசிக்கும் இரண்டு தோழிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் 2004 ஜனவரி 20ஆம் தேதி பிறந்தவர். மற்றவர் அதே ஆண்டு மார்ச் 10ஆம் தேதி பிறந்தவர். இருவரும் படித்தது ஒரே பள்ளியில். தினமும் ஏறுவது ஒரே பேருந்தில். 2025 மே 3ஆம் தேதி, பொதுத் தேர்தல் வாக்களிப்பு நாளன்று, இருவருக்கும் 21 வயது நிறைவடைந்திருந்தது. இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். ஆனால், அன்று வாக்களிக்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருந்தது.

காரணம், அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பதிவேடு 2025 பிப்ரவரி 1ஆம் தேதியை வரம்பு நாளாகக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அன்றைய நிலவரப்படி 21 வயதானவர்களே அதில் இடம்பெற முடியும். ஜனவரியில் பிறந்த தோழி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். மார்ச்சில் பிறந்தவர் சில வார இடைவெளியில் வாய்ப்பைத் தவறவிட்டார்.

தேர்தல் என்றால் வேட்பாளர்கள், வாக்குறுதிகள், பிரசாரக் கூட்டங்கள், முடிவுகள் ஆகியவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். தேதியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. யார் வாக்களிக்கலாம், கட்சிகளுக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும், காலியான தொகுதி எவ்வளவு நாள் பிரதிநிதி இல்லாமல் இருக்கும் என்பதையெல்லாம் தேதிகளே முடிவு செய்கின்றன. அந்தத் தேதிகளைக் குறிப்பது யார்? அவர்களுக்குச் சட்டம் என்ன வரம்பு விதித்திருக்கிறது?

சட்டம் போட்டிருக்கும் வேலி

சிங்கப்பூரில் பொதுத் தேர்தல் எந்த நாளில் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் குறிப்பிடவில்லை. எந்த நாளைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நாடாளுமன்றத்தின் ஆயுள், அது முதன்முறை கூடிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். அதன் பிறகு அது தானாகவே கலைந்துவிடும். கலைந்த மூன்று மாதங்களுக்குள் பொதுத் தேர்தல் நடந்தாக வேண்டும். அதற்கு முன்னதாகவே தேர்தல் நடத்த விரும்பினால் பிரதமர் ஆலோசனை கூற, அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம்.

பதினான்காவது நாடாளுமன்றம் 2020 ஆகஸ்ட் 24ஆம் தேதி முதன்முறையாகக் கூடியது. எனவே, அடுத்த தேர்தலை 2025 நவம்பர் 23ஆம் தேதிக்குள் நடத்த வேண்டியிருந்தது. ஆனால் பிரதமர் லாரன்ஸ் வோங்கின் ஆலோசனைப்படி அதிபர் தர்மன் சண்முகரத்னம் ஏப்ரல் 15ஆம் தேதியே நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அன்றே தேர்தல் ஆணையும் வெளியானது. ஏப்ரல் 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல். மே 3ஆம் தேதி வாக்களிப்பு.

வேட்புமனுத் தாக்கல் நாளுக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. தேர்தல் ஆணை வெளியாகிக் குறைந்தது ஐந்து நாள்கள் கழிய வேண்டும். ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. போட்டி உறுதியான பிறகு, பத்தாவது நாளுக்கு முன்பு வாக்களிப்பு நடத்த முடியாது. அதில் ஒன்பது நாள்கள் பிரசாரத்துக்கு. வாக்களிப்புக்கு முந்தைய நாள், பிரசார ஓய்வு நாள்.

நாள்காட்டியை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். 2006 பொதுத் தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 27. வாக்களிப்பு மே 6. இடைவெளி ஒன்பது நாள்கள். பிரசார ஓய்வு நாள் 2010ல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2011 தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் அதே ஏப்ரல் 27. வாக்களிப்பு மே 7. இடைவெளி பத்து நாள்கள் ஆனது. 2015ல் செப்டம்பர் 1, செப்டம்பர் 11. 2020ல் ஜூன் 30, ஜூலை 10. 2025ல் ஏப்ரல் 23, மே 3. எல்லாம் பத்தே நாள்கள்.

சட்டம் 'குறைந்தது இவ்வளவு' என்று சொன்னது நடைமுறையில் 'இவ்வளவுதான்' என்று ஆகியிருக்கிறது. சட்ட வாசகத்தைப் படிப்பதோடு நில்லாமல், அது எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாசிர் ரிஸ்ஸின் 53 நாள்கள்

2001ஆம் ஆண்டிலிருந்து பாசிர் ரிஸ் வட்டாரத்தினர் 'பாசிர் ரிஸ்-பொங்கோல்' என்ற பெயரில் ஒரு குழுத்தொகுதிக்கு வாக்களித்து வந்தனர். 2025 மார்ச் 11ஆம் தேதி தேர்தல் எல்லை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை வெளியானது. ஐந்து உறுப்பினர்களைக் கொண்டிருந்த பழைய தொகுதி பிரிந்தது. பொங்கோலுக்குத் தனியாக ஒரு குழுத்தொகுதி கிடைத்தது. பாசிர் ரிஸ்ஸுடன் ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியின் சில பகுதிகள் சேர்ந்து, நான்கு உறுப்பினர்களைக் கொண்ட 'பாசிர் ரிஸ்-சாங்கி' குழுத்தொகுதி உருவானது.

புதிய தொகுதியின் பெயர் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் அங்கு வாக்களிப்பு நடந்த நாளுக்கும் இடையே 53 நாள்கள். அது போதுமா, போதாதா? இங்கே சட்டம் மௌனமாக இருக்கிறது. எல்லை அறிக்கைக்கும் தேர்தலுக்கும் இடையே குறைந்தபட்சம் இவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. தேதி நெகிழ்வாக இருந்தால் நாட்டின் சூழலுக்கு ஏற்ப அரசாங்கம் முடிவெடுக்கலாம் என்பது ஒரு பக்கம். 2020ல் கொவிட்-19 பரவலுக்கு நடுவே, அவகாசம் 2021 ஏப்ரல் வரை இருந்தும் ஜூலையிலேயே தேர்தல் நடத்தப்பட்டது. அதற்கென்று தற்காலிகச் சட்டம் ஒன்றும் முன்கூட்டியே நிறைவேற்றப்பட்டது. தேதியைத் தெரிவு செய்பவரே போட்டியாளராகவும் இருப்பதால் ஆளுங்கட்சிக்குத் தயார்நிலையில் ஓர் அனுகூலம் கிடைக்கிறது என்பது மறுபக்கம். எல்லை வகுக்கும் முறையை மறுஆய்வு செய்யக் கோரி, சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் ஹேசல் புவா 2024 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். விவாதத்துக்குப் பிறகு அது ஏற்கப்படவில்லை.

தேதியைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால்?

அப்படியானால், தேதியை யாருடைய கையிலும் விடாமல் சட்டத்திலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை மட்டும் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் முதல்கட்டத் தேர்தல் நடக்கிறது. தங்கள் கட்சியின் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று வாக்காளர்களே அதில் தெரிவிக்கிறார்கள். தேதியை மாநிலச் சட்டம் நிர்ணயிக்கிறது. சிறிய மாநிலமான நியூ ஹேம்ப்ஷியர் 1920 முதல் நாட்டிலேயே முதலாவதாக இந்தத் தேர்தலை நடத்தி வருகிறது. 1975ல் அந்தப் பெருமைக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. வேறு எந்த மாநிலமும் இதுபோன்ற தேர்தலை நடத்துவதற்குக் குறைந்தது ஏழு நாள்களுக்கு முன்னதாகத் தன் தேர்தல் நடக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. நாளைத் தெரிவு செய்யும் பொறுப்பு மாநிலச் செயலருக்கு உரியது.

முதலாவதாக நடத்துவதில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் வாக்களிக்கும் மாநிலத்துக்கு வேட்பாளர்கள் மாதக் கணக்கில் வந்து போகிறார்கள். செய்தியாளர்கள் குவிகிறார்கள். அங்கே தோற்றவர்கள் பலர் அடுத்த மாநிலத்துக்குப் போகுமுன்பே விலகிவிடுகிறார்கள். கடைசியில் வாக்களிக்கும் மாநிலத்தவர்களுக்குத் தெரிவு செய்ய ஒருவர் மட்டுமே மிஞ்சியிருப்பதும் உண்டு. எல்லோருக்கும் ஒரு வாக்குதான் என்றாலும், தேதியைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது.

அதனால் மாநிலங்களுக்குள் முந்தும் போட்டி வந்தது. 2008 தேர்தலுக்காக ஃபுளோரிடா தன் சட்டத்தை மாற்றி ஜனவரி 29ஆம் தேதிக்கு முன்னேறியது. ஜனநாயகக் கட்சியின் விதிகள் அதை அனுமதிக்கவில்லை. அந்த மாநிலப் பேராளர்களின் வாக்குகளைப் பறிப்பதாகக் கட்சி அறிவித்து, பல மாத இழுபறிக்குப் பிறகே திருப்பித் தந்தது.

2024ல் அதே கட்சி, தென் கரோலைனா பிப்ரவரி 3ஆம் தேதி முதலாவதாக வாக்களிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. நியூ ஹேம்ப்ஷியரோ தன் சட்டத்தைக் காட்டி ஜனவரி 23ஆம் தேதியே தேர்தலை நடத்தியது. அப்போதைய அதிபர் ஜோ பைடனின் பெயர் அங்கு வாக்குச்சீட்டில் இடம்பெறவே இல்லை. ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கைப்பட எழுதி அவரை வெற்றி பெறச் செய்தனர். தேதியைச் சட்டத்தில் எழுதினால் சண்டை ஓய்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. எந்தச் சட்டம், யாருடைய சட்டம் என்று சண்டை இடம் மாறுகிறது.

பிரிட்டன் 2011ல் ஒரு சட்டம் இயற்றி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை தேர்தல் என்று நிர்ணயித்தது. 2015ல் சொன்னபடி நடந்தது. அதன் பிறகு 2017லும் 2019லும் இடையிலேயே தேர்தல்கள் வந்தன. 2022ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கு உள்ளாட்சி மன்றத் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் தேதி நடக்க வேண்டும் என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. பொருளாதார நெருக்கடியில் பணம் இல்லை என்ற காரணத்தால் அது தள்ளிப்போனது. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் வாக்களித்தது 2025 மே 6ஆம் தேதி. தேதி குறித்தால் மட்டும் போதாது; அதைக் காப்பாற்ற நிதியும் நீதிமன்றமும் வேண்டியிருக்கிறது.

ஹவ்காங்கிலிருந்து ஒரு கேள்வி

சிங்கப்பூரிலும் தேதி பற்றிய கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அதைக் கொண்டு சென்றவர் ஹவ்காங்கில் வசித்த, துப்புரவு வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்மணி. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்த வழக்கு, 'வெள்ளம்மா வழக்கு' என்றே அறியப்படுகிறது.

2012 பிப்ரவரியில் ஹவ்காங் தனித்தொகுதியின் உறுப்பினரைப் பாட்டாளிக் கட்சி நீக்கியது. கட்சி உறுப்பியத்தை இழந்தவர் நாடாளுமன்ற இடத்தையும் இழப்பார் என்பது அரசமைப்புச் சட்டம். தொகுதி காலியானது. இடைத்தேர்தல் எப்போது? பொதுத் தேர்தலுக்கு மூன்று மாதம் என்று கெடு சொல்லும் சட்டம், இடைத்தேர்தலுக்கு எந்தக் கெடுவும் சொல்லவில்லை. பிரதமர் இடைத்தேர்தலை நடத்தக் கடமைப்பட்டவரா, அல்லது அது முழுக்க முழுக்க அவர் விருப்பமா என்று அந்த வாக்காளர் நீதிமன்றத்திடம் கேட்டார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, மே 26ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்து முடிந்தது. பிரதமருக்கு அத்தகைய கடமை இல்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 2013 ஜூலை 5ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு விதமாக விளக்கம் அளித்தது. காலியான தொகுதிக்கு நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். எப்போது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை பிரதமருக்கு உண்டு, ஆனால் அது எல்லையற்ற உரிமை அன்று என்றது.

இடைத்தேர்தல் ஏற்கெனவே நடந்துவிட்டதால் மேல்முறையீடு தள்ளுபடியானது. வழக்கு தொடுத்தவர் காகிதத்தில் தோற்றார். இருந்தும், சட்டத்தில் வெற்றிடமாக இருந்த ஓர் இடத்தில் 'நியாயமான காலம்' என்ற வேலி முளைத்தது அந்த வழக்கினால்தான்.

அந்த வேலி பாசிர் ரிஸ் வாக்காளருக்கும் பொருந்துமா? பொருந்தாது. பாசிர் ரிஸ் இருப்பது குழுத்தொகுதியில். குழுத்தொகுதியில் ஓர் உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் இல்லை. அனைவரும் விலகினால்தான் உண்டு. 2017ல் அதிபர் தேர்தலில் நிற்பதற்காக ஹலிமா யாக்கோப் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியிலிருந்து விலகியபோது இந்தக் கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போனது. இடைத்தேர்தல் தேவையில்லை என்று 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. ஹவ்காங்கில் வசிப்பவருக்கு உள்ள பாதுகாப்பு, சில நிறுத்தங்கள் தள்ளி வசிப்பவருக்கு இல்லை.

உங்கள் பிறந்தநாளும் 2029ம்

அதிபர் தேர்தலுக்கு வருவோம். சிங்கப்பூரில் அமெரிக்காவைப் போன்ற முதல்கட்டத் தேர்தல் கிடையாது. வேட்பாளர்களை வடிகட்டும் வேலையை அதிபர் தேர்தல் குழு செய்கிறது. 2023ல் ஆறு பேர் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தனர், மூவருக்குக் கிடைத்தது. அந்த மூவரில் ஒருவரைத்தான் மக்கள் செப்டம்பர் 1ஆம் தேதி தெரிவு செய்தனர்.

பொதுத் தேர்தலைவிட அதிபர் தேர்தலின் காலம் இறுக்கமானது. பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். வழக்கமான தேர்தலின் வாக்களிப்பு, பதவிக்காலம் முடியும் நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் நடக்க வேண்டும். 2011ல் பிரசாரக் காலத்துக்கான ஏற்பாடுகள் தேசிய தினக் கொண்டாட்டங்களோடு சேர்ந்து வந்தன. அதைத் தவிர்க்கவும் புதிய விதிகளுக்குக் கூடுதல் அவகாசம் தரவும் 2017 தேர்தல் செப்டம்பருக்கு நகர்த்தப்பட்டது. அதிபர் டோனி டானின் பதவிக்காலம் ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிந்துவிட்டதால், ஹலிமா யாக்கோப் பதவியேற்ற செப்டம்பர் 14ஆம் தேதிவரை ஜே.ஒய். பிள்ளை தற்காலிக அதிபராகப் பொறுப்பு வகித்தார். ஒரு தேதியை நகர்த்தினால், அதோடு எத்தனை நகர்கின்றன பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. அதிபர் தர்மன் 2023 செப்டம்பர் 14ஆம் தேதி பதவியேற்றார். ஆறு ஆண்டு 2029 செப்டம்பர் 13ஆம் தேதி நிறைவடையும். எனவே, அடுத்த அதிபர் தேர்தல் 2029 ஜூன் நடுப்பகுதிக்கும் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் வர வேண்டும். 2023 தேர்தலில் வாக்காளர் பதிவேட்டின் வரம்பு நாள் ஜூன் 1. 2029லும் அதே போன்ற ஏற்பாடு இருந்தால், 2008ல் ஜனவரி முதல் மே வரை பிறந்தவர்கள் வாக்களிப்பார்கள். அதே ஆண்டு பிற்பாதியில் பிறந்த அவர்களின் வகுப்புத் தோழர்கள் காத்திருக்க நேரும்.

பொதுத் தேர்தலையும் கணக்கிடலாம். தற்போதைய நாடாளுமன்றம் 2025 செப்டம்பர் 5ஆம் தேதி கூடியது. ஐந்து ஆண்டு, பிறகு மூன்று மாதம். 2030 டிசம்பர் தொடக்கத்துக்குள் தேர்தல் வந்தாக வேண்டும். அதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

தேதியை நாம் குறிக்க முடியாது. ஆனால், வரம்பு நாளை நாம் கவனிக்க முடியும். அந்த நாளன்று அடையாள அட்டையில் உள்ள முகவரியே நீங்கள் எந்தத் தொகுதியின் வாக்காளர் என்பதை முடிவு செய்கிறது. பாசிர் ரிஸ்ஸிலிருந்து தெம்பனிசுக்கு வீடு மாறியவர், முகவரி மாற்றத்தைப் பதிவு செய்த நாளைப் பொறுத்துப் பழைய தொகுதியிலேயே வாக்களிக்க வேண்டியிருக்கலாம். வெளிநாட்டில் படிப்பவர்கள் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்யத் தேர்தல் ஆணை வெளியாகும்வரை காத்திருந்தால் அவகாசம் மிகக் குறைவு. முந்தைய தேர்தலில் வாக்களிக்கத் தவறியவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். மீண்டும் சேர்க்க அவரே விண்ணப்பிக்க வேண்டும்.

வாக்காளர் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாகத் தேர்தல் துறை அவ்வப்போது அறிவிக்கும். நாளிதழில் ஒரு சிறிய பத்தியாக வரும் செய்தி அது. பெரும்பாலோர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அடுத்த முறை புரட்டாதீர்கள். சிங்பாஸ் வழியாகத் தேர்தல் துறையின் இணையத்தளத்திலோ, அருகிலுள்ள சமூக மன்றத்திலோ உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் வயது ஆகவில்லை என்றால், வீட்டில் இருக்கும் அக்கா, அண்ணன் பெயரையாவது பாருங்கள்.

மார்ச்சில் பிறந்த அந்தத் தோழிக்கு 2029ல் 25 வயது இருக்கும். முதல் முறையாக அவர் வாக்குச்சாவடிக்குப் போவது அப்போதாக இருக்கலாம். அந்தத் தேர்தலின் தேதி அறிவிக்கப்படும்போது, எல்லோரும் வேட்பாளர் யார் என்று கேட்பார்கள். அவர் முதலில் கேட்பது, வரம்பு நாள் எது என்பதாகத்தான் இருக்கும்.